இரக்கம் உண்டு, இடம் இல்லை!

294 பேர் ஒருபுறம். 276 பேர் மறுபுறம். வேறுபாடு 18 வாக்குகள். 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், பிரிட்டிஷ் பார்லிமெண்டின் காமன்ஸ் சபையில் ஒரு திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஐரோப்பாவின் தெருக்களிலும் முகாம்களிலும் தாய் தந்தையரின்றி அலைந்துகொண்டிருந்த 3,000 அகதிக் குழந்தைகளுக்கு பிரிட்டன் இடமளிக்க வேண்டும் என்பது அந்தத் திருத்தம். 18 வாக்குகளால் அது வீழ்ந்தது.

"அந்தக் குழந்தைகளின் விதி அப்படி" என்று பெருமூச்சு விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போவோர் உண்டு. நாம் அப்படிப் போய்விட இயலாது. விதி என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள். எவரும் கண்டறியாத ஒருவன், எவர் கண்ணுக்கும் தெரியாத எழுத்தில், தலையிலே எழுதிவிட்டதாகச் சொல்லப்படுவது ஒன்று. மனிதர்கள் கூடி அமர்ந்து, பேசி, வாக்குகளை எண்ணி, அச்சிட்டு நிறைவேற்றும் சட்டத்தின் விதி மற்றொன்று. குழந்தையைக் கடற்கரையிலே நிறுத்தியது முதல் விதி அன்று, இரண்டாவது விதி. அதை எழுதியவர்களுக்குப் பெயர் உண்டு, தொகுதி உண்டு, அவர்கள் பேசிய பேச்சுக்கு அச்சிட்ட பதிவேடும் உண்டு.

பதிவேடு இருக்கிறதென்றால், அதைப் படித்து எடைபோடுவதும் திறனாய்வுதான். காவியத்தையும் நாடகத்தையும் மட்டுமே ஆராய வேண்டும், மன்றத்துப் பேச்சை ஆராயலாகாது என்று எவரும் தடை போடவில்லை. காவியத்திலே ஒரு சொல் பிழைத்தால் சுவை குன்றும். சட்டத்திலே ஒரு சொல் பிழைத்தால் உயிர் குன்றும். ஆகவே அந்த விவாதத்தை ஓர் இலக்கியத்தைப் படிப்பதுபோலவே, சொல் சொல்லாகப் படித்துப் பார்ப்போம்.

படித்தவுடன் தென்படும் செய்தி ஒன்று உண்டு. திருத்தத்தை ஆதரித்தோர் இரக்கத்தின் பெயரால் பேசினர். அதைத் தோற்கடிக்கச் சொன்ன அரசாங்கமும் இரக்கத்தின் பெயராலேயே பேசிற்று. குழந்தைகள் எக்கேடு கெட்டாலும் நமக்கென்ன என்று அமைச்சர் சொல்லவில்லை. குழந்தைகளின் நலனுக்காகவே மறுக்கிறோம் என்றார். இரக்கம் மறுப்பாக உருமாறும் அந்த வித்தை எப்படி நடக்கிறது? அதைக் காண்பதே நம் நோக்கம்.

பெருமைக் கதையின் மறுபக்கம்

அந்த மன்றத்தில் அகதிக் குழந்தைகளைப் பற்றிப் பேச எழும் எவரும் ஒரு பழைய நிகழ்ச்சியைத் தொடாமல் விடுவதில்லை. 1938 நவம்பர் 9, 10 ஆகிய நாட்களில் நாஜி ஜெர்மனியில் யூதர்களின் வழிபாட்டு இடங்கள் கொளுத்தப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன, ஆடவர் ஆயிரமாயிரமாகச் சிறைமுகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். நவம்பர் 21ஆம் நாள் பிலிப் நோயல்-பேக்கர் காமன்ஸ் சபையில் இதை எழுப்பினார். பராமரிப்புக்குப் பொறுப்பேற்பவர் இருந்தால் குழந்தைகள் வர அனுமதி உண்டு என்று உள்துறை அமைச்சர் சர் சாமுவேல் ஹோர் அறிவித்தார். பதினோரு நாள் கழிந்தது. டிசம்பர் 2ஆம் நாள், பெர்லினிலிருந்து புறப்பட்ட ஏறத்தாழ 200 குழந்தைகள் ஹார்விச் துறைமுகத்தில் இறங்கினர். 1939 செப்டம்பரில் போர் மூளும் வரையில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இப்படி வந்து சேர்ந்தனர். 'கிண்டர்டிரான்ஸ்போர்ட்' என்று வரலாறு இதை அழைக்கிறது.

அரிய செயல்தான், மறுப்பதற்கில்லை. அதே 1939இல் அமெரிக்காவில், செனட்டர் ராபர்ட் வாக்னரும் எடித் நூர்ஸ் ரோஜர்ஸ் அம்மையாரும், இரண்டாண்டுகளில் 20,000 குழந்தைகளை ஏற்பதற்கென ஒரு மசோதாவைக் கொண்டுவந்தனர். அது வாக்கெடுப்புக்கே வராமல், குழு நிலையிலேயே மடிந்தது. அதனோடு ஒப்பிட்டால் பிரிட்டன் செய்தது பெருஞ்செயல்.

ஆனால் பெருமையோடு சொல்லப்படும் கதையில் சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பிரியாமலே கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். குழந்தைக்கு அனுமதி தந்த அந்த ஏற்பாட்டில் தாய்க்கு அனுமதி இல்லை, தந்தைக்கும் இல்லை. பிள்ளைகளைப் பிரிந்திருக்க ஜெர்மனியின் யூதப் பெற்றோர் ஆயத்தமாக இருக்கிறார்கள் என்று ஹோர் அவையில் எடுத்துரைத்தார், அவை உருகிற்று. பெற்றோரின் தியாகத்தைக் கண்டு உருகிய அவை, அந்தத் தியாகத்தைக் கட்டாயமாக்கிய விதி யாருடையது என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை. வந்த குழந்தைகளில் மிகப் பலர் பெற்றோரை மீண்டும் காணவே இல்லை. பின்னர் குழந்தை ஒன்றுக்கு 50 பவுன் பிணைத்தொகை வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. 1940இல், எதிரி நாட்டார் என்ற பெயரில் பலர் காவலில் வைக்கப்பட்டபோது, அப்படி வந்த பிள்ளைகளில் பதினாறு வயதைக் கடந்த ஏறத்தாழ 1,000 பேரும் அகப்பட்டனர். குழந்தையாக இறங்கியபோது கைதட்டு. மீசை அரும்பியபோது கைவிலங்கு!

ஏன் இதைச் சொல்கிறோம்? பழையதைப் பழிப்பதற்கன்று. அந்த இரக்கத்தின் அளவுகோல் அன்றே வரையப்பட்டுவிட்டது என்பதைக் காட்டுவதற்கே. குழந்தை சிறியதாக இருக்க வேண்டும். தனியாக இருக்க வேண்டும். செலவு வேறெவரோ ஏற்க வேண்டும். இந்த மூன்று கோடுகளும் 1938இல் வரையப்பட்டவை. 2016இலும் அவை அழியவில்லை.

வந்த குழந்தைகளுள் ஒருவர் மன்றத்துக்கே வந்தார். ஆல்ஃப் டப்ஸ் 1932இல் பிராக் நகரில் பிறந்தவர். நிக்கலஸ் விண்டன் என்ற இளைஞர் தம் தோழர்களோடு முயன்று பிராக்கிலிருந்து 669 குழந்தைகளை ரயிலேற்றினார். அவர்களுள் ஆறு வயது டப்ஸும் ஒருவர். வளர்ந்து, தொழிற்கட்சியின் சார்பில் காமன்ஸ் சபையில் அமர்ந்து, பின்னர் பிரபுக்கள் சபைக்குச் சென்றவர். 3,000 குழந்தைகளுக்கான திருத்தத்தைக் கொண்டுவந்தவர் அவரே. 2016 மார்ச் 21ஆம் நாள் பிரபுக்கள் சபை 306க்கு 204 என்ற கணக்கில் அதை ஏற்றது. பரம்பரையும் நியமனமும் நிறைந்த சபை ஏற்றதை, மக்கள் தேர்ந்தெடுத்த சபை தள்ளிற்று என்பது சிந்திப்பாருக்குக் கசப்பான பாடம்.

அரசாங்கத்தின் வாதம்

தள்ளியதற்கு என்ன காரணம் சொல்லப்பட்டது? எதிரியின் வாதத்தை இளைத்த வடிவில் நிறுத்தி வீழ்த்துவது வீரம் ஆகாது. அதன் முழு வலிவோடு எடுத்துக்கொள்வோம்.

ஐரோப்பாவில் இருக்கும் குழந்தைகள் ஏற்கெனவே பாதுகாப்பான நாடுகளில்தான் இருக்கிறார்கள். போர் நடக்கும் இடத்தருகே உள்ள முகாம்களிலிருந்து அழைத்து வருவதே நேர்மை. 20,000 சிரியர்களை ஐந்தாண்டுகளில் ஏற்பதாக 2015 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டோம். ஐரோப்பாவிலிருந்து குழந்தைகளை எடுக்கத் தொடங்கினால், அந்தச் செய்தி கேட்டு மேலும் பல பெற்றோர் தம் பிள்ளைகளைக் கடத்தல்காரரின் படகில் முன்கூட்டி அனுப்புவார்கள். ஆகவே இன்று 3,000 பேருக்குக் காட்டும் கருணை, நாளை அதைவிடப் பலரைக் கடலில் தள்ளும். குடியேற்றத் துறை அமைச்சர் ஜேம்ஸ் புரோக்கன்ஷயர் அன்று நிறுத்திய வாதத்தின் சாரம் இதுதான்.

முதற்பகுதியைப் பார்ப்போம். பாதுகாப்பான நாடு என்கிறார்கள். ஐரோப்பாவுக்குள் வந்து பதிவான பின்னர், துணையற்ற அகதிக் குழந்தைகள் குறைந்தது 10,000 பேர் காணாமற்போயினர் என்று 2016 ஜனவரியில் எச்சரித்தது தொண்டு நிறுவனம் அன்று. ஐரோப்பியக் காவல்துறை அமைப்பான யூரோபோல். 10,000 பிள்ளைகள் இருக்குமிடம் தெரியாமற்போன இடத்துக்குப் 'பாதுகாப்பு' என்று பெயரிடுவது, சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவையே அறுப்பது.

அடுத்தது 'ஈர்ப்பு' வாதம். காந்தம் இரும்பை ஈர்க்கும், உவமை நன்று. ஆனால் குழந்தை வெளியே வந்தது இலண்டன் இழுத்ததாலா, அலெப்போ நகரில் விழுந்த குண்டு தள்ளியதாலா? இழுப்பதை மட்டும் பேசித் தள்ளுவதை மறைக்கும் உவமை பாதி உண்மைதான். பாதி உண்மை வாதத்துக்கு உதவும், சட்டத்துக்கு உதவாது.

பகுத்தறிவாளர் எந்தக் கோட்பாட்டையும் ஒரு கேள்வியால் சோதிப்பர்: நீ சொல்வது சரியானால், அடுத்து என்ன நடக்க வேண்டும்? கதவைத் திறந்தால் கடலில் கூட்டம் பெருகும் என்றால், கதவை மூடினால் கூட்டம் குறைய வேண்டும். கதவு மூடப்பட்டது, எப்படி மூடப்பட்டது என்பதை அடுத்துக் காண்போம். சிறு படகுகளில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வந்தோர் 2018இல் 299 பேர். 2022இல் 45,000க்கும் மேல். இந்த எண்கள் மட்டுமே எல்லாவற்றையும் நிறுவிவிடும் என்று நாம் சொல்லமாட்டோம். படகுகள் பெருகியதற்குக் காரணங்கள் பல. ஆனால் மூடிய கதவே அமைதியான கடலைத் தரும் என்று அடித்துப் பேசியவர்கள், இந்த எண்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

தொலைந்துபோன எண்

இந்த வரலாற்றில் திறனாய்வாளன் நின்று நோக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மசோதாவிலிருந்து ஓர் எண் எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் ஒரு சொல் வைக்கப்பட்ட இடம் அது.

காமன்ஸ் சபை 3,000ஐத் தள்ளிய மறுநாளே, பிரபுக்கள் சபை திருத்தத்தை மாற்றி எழுதி, 279க்கு 172 என்ற கணக்கில் மீண்டும் அனுப்பிற்று. இம்முறை 3,000 என்ற எண் இல்லை. 'குறிப்பிட்ட எண்ணிக்கை' என்ற தொடர் இருந்தது. அந்த எண்ணிக்கை என்ன என்பதை, உள்ளாட்சி மன்றங்களைக் கலந்து அரசாங்கமே முடிவு செய்யும். ஆளுங்கட்சியிலேயே முணுமுணுப்பு எழவே, பிரதமர் டேவிட் கேமரூன் மே 4ஆம் நாள் இணங்கினார். மே 12ஆம் நாள் சட்டமாயிற்று: 2016ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், 67ஆம் பிரிவு. வெற்றி, வெற்றி என்று நல்லோர் மகிழ்ந்தனர்.

அந்தப் பிரிவைச் சற்று நிதானமாகப் படியுங்கள். சட்டம் நிறைவேறியபின் எவ்வளவு விரைவில் இயலுமோ அவ்வளவு விரைவில், ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்து, துணையற்ற அகதிக் குழந்தைகளில் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையினரை அழைத்து வர அமைச்சர் ஏற்பாடு செய்தல் வேண்டும். 'வேண்டும்' என்ற கட்டளை இருக்கிறது. விரைவு இருக்கிறது. குழந்தை இருக்கிறது. 'குறிப்பிட்ட' என்ற சொல்லும் இருக்கிறது. குறிப்பு மட்டும் இல்லை! குறிப்பிடப்படாத ஒன்றைக் 'குறிப்பிட்ட' என்று சட்டம் அழைத்தது. கடன் பத்திரம் எழுதி, கையொப்பமிட்டு, தொகை எழுதும் இடத்தை மட்டும் வெற்றிடமாக விட்டு, அதைக் கடனாளியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தது போல.

கடனாளி என்ன எழுதினார்? 2017 பிப்ரவரி 8ஆம் நாள் அரசாங்கம் அறிவித்தது: 350. அத்தோடு திட்டம் முடிவு. உள்ளாட்சி மன்றங்களிடம் இடமில்லை என்பது காரணம். சில வாரங்களில் மற்றோர் அறிவிப்பு: அலுவலகத் தவற்றினால், ஒரு வட்டாரம் தர முன்வந்த 130 இடங்கள் கணக்கில் சேராமற்போயின, ஆகவே 480. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் விடுபட்டாலே ஆசிரியரை நிறுத்திக் கேட்கிறார்கள். அங்கே 130 குழந்தைகளின் இடம் ஒரு தாளின் மடிப்பிலே விடுபட்டது; 'தவறு' என்ற ஒரே சொல்லோடு அது முடிந்தது.

வகுப்பறையிலே நிற்பவர்களுக்கு எண்கள் வெறும் எண்களாகத் தோன்றுவதில்லை. வகுப்புக்கு 40 பேர் என்று வைத்துக்கொண்டால், 3,000 என்பது 75 வகுப்புகள். 480 என்பது 12 வகுப்புகள். 75 அறைகள் கொண்ட பள்ளியிலே 63 அறைகள் பூட்டப்பட்டுவிட்டன. அந்தப் 12 அறைகளும் நிரம்புவதற்கு 2020ஆம் ஆண்டு வரை ஆயிற்று. 1938இல் பதினோரு நாளில் நடந்ததை இங்கே நினைவூட்ட வேண்டியதில்லை. மறுக்கப்பட்ட குழந்தைகளுக்குத் தரப்பட்ட காரணங்கள் சிறிதும் போதியனவல்ல என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே கூறிற்று. 'இல்லை' என்று சொல்லப்பட்டது. 'ஏன்' என்று கேட்கப் பிள்ளைக்கு வழிகூட இல்லை.

கடலுக்கு அனுப்பிய சட்டம்

"இவர்கள் ஏன் படகில் வருகிறார்கள்? விமானத்தில் வரலாமே, விண்ணப்பம் போடலாமே" என்று நல்ல மனத்தோடு கேட்போரும் உண்டு. இதற்கான விடையில் தமிழர்க்கும் ஒரு பங்கு இருக்கிறது.

1987 பிப்ரவரியில், இலங்கையின் வன்முறைக்குத் தப்பிய ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கிப் புகலிடம் கேட்டனர். திருப்பி அனுப்ப முயன்றபோது, விமானத்தின் அருகிலேயே தம் ஆடைகளைக் களைந்து போராடினர். மானத்தை உயிராக மதிக்கும் மக்கள், உயிரைக் காக்க ஆடையைக் களைந்து நின்ற காட்சி அது. பார்லிமெண்டின் மறுமொழி என்ன தெரியுமா? அவ்வாண்டே ஒரு சட்டம். தக்க தாள்கள் இல்லாத ஒருவரை ஏற்றிவந்தால், விமான நிறுவனம் தலைக்கு 1,000 பவுன் அபராதம் கட்ட வேண்டும். அப்போது உள்துறை அமைச்சராக இருந்தவர் டக்ளஸ் ஹர்ட்.

இச்சட்டத்தின் நுட்பத்தைப் பாருங்கள். அகதி வரக்கூடாது என்று அது சொல்லவில்லை. புகலிடம் கேட்கும் உரிமையையும் பறிக்கவில்லை. உரிமையைக் கேட்க வேண்டிய வாசலுக்கு அவர் வந்து சேரும் வழியை மட்டும் அடைத்தது. எல்லைக்காவல் வேலையை, அயல்நாட்டு விமான நிலையத்தில் பயணச்சீட்டு பார்க்கும் ஊழியரின் தலையில் கட்டியது. விசா வேண்டும், அகதியாக வருவதற்கென்று விசா இல்லை. விசா இல்லாதவரை விமானம் ஏற்றாது. வானம் அடைபட்டது, எஞ்சியது கடல். கடலில் படகோட்டுபவன் பணம் பறிக்கும் கடத்தல்காரன். பிறகு அதே மன்றம் எழுந்து நின்று, கடத்தல்காரனின் கொடுமையைக் கேளீர் என்று முழங்குகிறது! அவன் கொடியவன்தான், தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அவனுடைய கடைக்கு வாடிக்கையாளரை அனுப்பிய கை எது என்பதையும் சேர்த்துக் கேட்பதுதானே அறிவு?

பல்லைப் பார், சித்திரத்தை அழி

2015 ஜூலையில் பிரதமர் கேமரூன், கடல் கடந்து வருவோரைப் பூச்சிகள் மொய்ப்பதற்குரிய சொல்லால் குறித்தார். 2016 ஜனவரி 27ஆம் நாள், நாஜிக் கொலைக்கு இரையானோரை நினைவுகூரும் நாளன்றே, அவையில் கலே முகாமில் இருந்தோரை ஏதோ ஒரு கும்பல் என்ற தொனியில் பேசினார். பூச்சிக்கு மருந்தடிப்பார்கள், கும்பலைக் கலைப்பார்கள். சொல் முன்னே செல்கிறது. சட்டம் அதன் பின்னே நடக்கிறது.

2016 அக்டோபரில் கலே முகாம் இடிக்கப்பட்டு, பிள்ளைகள் சிலர் பிரிட்டனுக்குள் வந்தனர். செய்தித்தாள்களில் படம் பார்த்த ஓர் உறுப்பினர், இவர்கள் குழந்தைகள்தாமா, பல்லைச் சோதித்து வயதறிய வேண்டும் என்றார். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். போரிலும் பாதையிலும் முகம் முதிர்ந்துபோன பதினாறு வயதுப் பையனிடம், நீ போதிய அளவு குழந்தையாக இல்லையே என்று கேட்கும் இரக்கத்தை என்னவென்று சொல்வது? 1940இன் கைவிலங்கும் 2016இன் பல் சோதனையும் ஒரே கருத்தின் இரு உருவங்கள். இரக்கத்துக்கு வயது வரம்பு உண்டு. பிறந்தநாள் வந்தால் அது காலாவதி!

2023இல் நடந்த மற்றொன்று கேளுங்கள். துணையின்றி வந்த பிள்ளைகளை முதலில் கொண்டுவந்து வைக்கும் டோவர் நிலையத்தில், சுவர்களில் மிக்கி மவுஸ் முதலிய சித்திரங்கள் தீட்டப்பட்டிருந்தன. குடியேற்றத் துறை அமைச்சராயிருந்த ராபர்ட் ஜென்ரிக் அவற்றைப் பூசி அழிக்கச் சொன்னார். வரவேற்பு மிகுதியாகத் தோன்றுகிறது என்பது காரணம் எனச் செய்தி வெளிவந்தது. வருவோரில் பெரும்பாலோர் வளர்ந்த பிள்ளைகள், அவர்கள் வயதுக்கு அச்சித்திரங்கள் பொருந்தா என்று பின்னர் அவையில் விளக்கம் தரப்பட்டது. அழிக்கப்பட்டது அரசாங்கத்தின் பணமும் அன்று, எல்லையின் பாதுகாப்பும் அன்று. சுவரில் இருந்த ஒரு சிரிப்பு. அதே ஆண்டு ஜனவரியில், உள்துறை தன் பொறுப்பில் ஓட்டல்களில் தங்கவைத்திருந்த குழந்தைகளில் 200 பேர் காணவில்லை என்று பார்லிமெண்டில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அப்படி ஓட்டல்களில் வைப்பதை வழக்கமாக்கியது சட்டத்துக்குப் புறம்பானது என்று ஜூலையில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 200 குழந்தைகளைக் காவாத அரசாங்கம், ஒரு சித்திர எலியிடமிருந்து எல்லையைக் காத்தது!

எல்லைக்குக் காவல் வேண்டாம் என்பது நம் வாதமன்று. எந்த நாடும் தன் வாசலில் யார் வருகிறார் என்று அறிய உரிமையுடையது. ஆனால் 'பாதுகாப்பு' என்ற சொல் வரும்போதெல்லாம், எவருக்கு, எதனிடமிருந்து என்று கேட்டுப் பழக வேண்டும். குழந்தையிடமிருந்து நாட்டைக் காப்பதா? குழந்தையைக் காப்பதா? இரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்குவதால் வரும் மயக்கத்திலேதான் பல சட்டங்கள் நிறைவேறுகின்றன.

நாற்காலி மாறியது, நாக்கும் மாறியது

பழமைக் கட்சி கல்நெஞ்சம், தொழிற்கட்சி கனிந்த நெஞ்சம் என்று முடித்துவிட்டால் கட்டுரை எளிதாகிவிடும். உண்மை அவ்வளவு எளிதன்று.

2016இல் 3,000 குழந்தைகளுக்காக எதிர்க்கட்சி வரிசையிலிருந்து வாதாடியவர்களுள் முன்னின்றோர் இருவர்: கீர் ஸ்டார்மர், யெவெட் கூப்பர். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் காலத்தில், அங்குள்ள துணையற்ற குழந்தைகள் பிரிட்டனில் உள்ள உறவினரோடு சேர உடன்பாடு தேட வேண்டும் என்ற கடமையை 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் டப்ஸ் சேர்க்கச் செய்தார். 2020 ஜனவரியில், போரிஸ் ஜான்சன் அரசாங்கம் அந்தக் கடமையை நீக்கி, கொள்கை அறிக்கை ஒன்று வைத்தால் போதும் என்றாக்கிற்று. கடமை அறிக்கையாகச் சுருங்கியது. எண் சொல்லாகச் சுருங்கிய அதே கலை. தொழிற்கட்சி அதைக் கண்டித்தது.

2024 ஜூலையில் ஸ்டார்மர் பிரதமரானார். கூப்பர் உள்துறை அமைச்சரானார். அகதிகளை ருவாண்டாவுக்கு ஏற்றுமதி செய்யும் பழைய அரசாங்கத்தின் திட்டத்தைக் கைவிட்டனர். அதற்குரிய பாராட்டைக் குறைக்க மாட்டோம். ஆனால் 2025 செப்டம்பர் 4ஆம் நாள் முதல், அகதியாக ஏற்கப்பட்டவர் தம் துணையையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளும் வழிக்குப் புதிய விண்ணப்பங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அறிவித்தவர் கூப்பர். அவ்வாண்டு நவம்பரில், அடுத்து வந்த உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் மேலும் கடுமையான திட்டத்தை முன்வைத்தார். அதை எதிர்த்துத் தம் கட்சிக்கே எதிராகக் குரல் கொடுத்தவர்களுள், அப்போது தொண்ணூற்றிரண்டு வயதான டப்ஸும் ஒருவர். ஆறு வயதில் ரயிலேறிய குழந்தை, தொண்ணூறைக் கடந்தும் அதே நிலையத்தில் நின்று அடுத்த குழந்தைக்காகக் காத்திருக்கிறது.

இதைவிடவும் ஆழமான முரண்பாடு பழைய விதியிலேயே இருந்தது. வயது வந்த அகதி தம் பிள்ளையை அழைக்க அந்நாட்டு விதிகள் இடம் தந்தன. தனியே வந்த குழந்தை அகதி தன் தாயை அழைக்க அவை இடம் தந்ததில்லை. தந்தால், பெற்றோர் பிள்ளைகளை முன்னே அனுப்பித் தாம் பின்னே வருவர் என்று அரசாங்கங்கள் விளக்கம் கூறின. எண்ணிப் பாருங்கள்: தாயற்றிருக்கிறதே என்று குழந்தைக்கு இரங்குகிறார்கள். அந்த இரக்கம் தொடர வேண்டுமானால், அது தாயற்றே இருந்தாக வேண்டும். 1938இல் பெற்றோரை நடைமேடையில் நிறுத்தி மூடிய கதவு, இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதே இடத்தில் நிற்கிறது.

மூன்று கேள்விகள்

எங்கோ தொலைவில் நடந்த விவாதத்தால் நமக்கென்ன என்று நண்பர்கள் கேட்கலாம். மன்றங்கள் பல, மன்றத்து மொழி ஒன்று. அந்த மொழியைப் படிக்கக் கற்றுக்கொண்டால், எந்த மன்றத்திலும் ஏமாறமாட்டோம். அதற்கு மூன்று கேள்விகள் போதும்.

முதற்கேள்வி, எண் எங்கே? இரக்கம் பேசுவோர் எத்தனை பேருக்கு என்று சொல்லட்டும். எண் இல்லாத இரக்கம் 3,000இல் தொடங்கி 480இல் முடியும். இரண்டாவது கேள்வி, நாள் எங்கே? 'எவ்வளவு விரைவில் இயலுமோ' என்பது நாளன்று; இயலாமைக்கு முன்கூட்டியே வாங்கிவைத்த மன்னிப்பு. மூன்றாவது கேள்வி, தாய் எங்கே? குழந்தையை ஏற்று, அதன் குடும்பத்தைத் தள்ளும் சட்டம், குழந்தையையும் பாதிதான் ஏற்கிறது.

இரக்கம் இழிந்த பண்பன்று. அதிலிருந்தே எல்லாம் தொடங்குகிறது. ஆனால் இரக்கம் கொடுப்பவன் கையில் இருக்கிறது. உரிமை பெறுபவன் கையில் இருக்கிறது. இரங்குபவன் களைத்துப்போனால் இரக்கம் தீர்ந்துவிடும். தேர்தல் வந்தால் திசை மாறிவிடும். உரிமை அப்படியன்று. ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையை 1991இல் ஏற்றபோது, குடியேற்ற விவகாரத்தில் மட்டும் தனக்கு விலக்கு வேண்டும் என்று பிரிட்டன் எழுதிவைத்தது. எல்லாக் குழந்தைக்கும் உரிமை உண்டு, எல்லைக்கு அப்பாலிருந்து வந்த குழந்தை மட்டும் அந்தக் கணக்கில் வேறு என்பது அதன் பொருள். பலர் இடைவிடாது வாதாடியதன் பின், 2008இல் அந்த விலக்கு நீக்கப்பட்டது. ஒரு வரி எழுதப்பட்டது, மனிதர் முயன்றனர், அந்த வரி அழிக்கப்பட்டது.

இதுதான் நாம் இறுதியாகச் சொல்ல விரும்புவது. தலையெழுத்தை எவராலும் திருத்த முடியாது என்பார்கள்; ஏனென்றால் அப்படி ஓர் எழுத்து இல்லை. சட்டத்தின் எழுத்தைத் திருத்தலாம். ஏனென்றால் அது மனிதர் எழுதியது. 18 பேர் மாறி வாக்களித்தால் மாறியிருக்கும் என்று அஞ்சத்தக்கதை அல்ல, 10 பேர் மனம் மாறியிருந்தாலே வென்றிருக்கும் என்று நம்பத்தக்கதை அந்த வாக்குக் கணக்கு நமக்குச் சொல்கிறது. 10 பேரின் மனத்தை மாற்றுவது எழுத்தாலும் பேச்சாலும் இயலாத காரியமா? குழந்தைகளின் விதியை எழுதுவோர் மன்றங்களில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் எழுதுவதைப் படிப்போம்; எண்ணுவோம்; கேட்போம். எழுதுகோல் அவர்கள் கையில் இருக்கலாம். அதை அவர்கள் கையில் கொடுத்தவர்கள் மக்கள்.